கச்சேரிக் கனவுக்கு யார் காசு கொடுப்பது?

உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்து அரச உத்தியோகத்துக்கு, ஊர்வழக்கில் கச்சேரி வேலைக்கு, போக விரும்பும் வன்னிப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்ட கேள்விகள் இவை. நானும் கலைப்பீடத்தில் படித்து, பிரதேச செயலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை விட்டிருக்கிறேன்.

மல்லாவி மாணவி: ஐயா, உயர்தரம் முதலாம் வருடம் படிக்கிறேன். தமிழ், அரசியல் விஞ்ஞானம், புவியியல். பிரதேச செயலாளராக வர ஆசை. எங்களைப் போன்றவர்களுக்கென்று புலமைப்பரிசில் இருக்கிறதா?

'பிரதேச செயலாளராக விரும்புவோருக்கு' என்று தனியாக ஒன்றைத் தேடி அலையாதே, பிள்ளை. ஆனால் இப்போதே எட்டக்கூடியது ஒன்று உண்டு. சாதாரண தரத்தில் முதல் தடவையிலேயே சித்தியடைந்து உயர்தரம் படிக்கும், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜனாதிபதி நிதியம் 24 மாதங்களுக்கு உதவி கொடுக்கிறது. 2024 இல் அது மாதம் 6,000 ரூபாய். தெரிவு கல்வி வலயம் வாரியாக நடக்கும். மல்லாவி துணுக்காய் வலயம் என்பதால் கொழும்புப் பிள்ளையோடு உனக்குப் போட்டியில்லை. விண்ணப்பம் அதிபர் வழியாகப் போகிறது. அவர் மேசையில் சுற்றறிக்கைகள் குவிந்து கிடக்கும். நீயே போய்க் கேள், வெட்கப்படாதே.

கிளிநொச்சி மாணவன்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. மகாபொலவுக்கும் பேர்சரிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டையும் எடுக்கலாமா?

இரண்டையும் எடுக்க முடியாது. மகாபொல, பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுக்க 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நம்பிக்கை நிதியம். லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது தொடக்கியது. பேர்சரி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் உதவுதொகை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதாந்த மகாபொல 5,000 இலிருந்து 7,500 ரூபாயாகவும், பேர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. மகாபொல கிடைக்கவில்லையென்று மூலையில் குந்தாதே, தம்பி. ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். முதல் தவணை வகுப்புத் தொடங்கிய கையோடு வராது. பல்கலைக்கழகத்தடித் திருநெல்வேலியில் அறை வாடகைக்குக் கொடுப்பவர் முற்பணத்தை முதல் நாளே கேட்பார். முதல் சில மாதச் செலவுக்கு வீட்டில் முன்பே வழி பார்த்து வை.

புதுக்குடியிருப்புத் தாய்: மகளின் தகப்பன் 2009 இல் காணாமற்போனவர். மரணச் சான்றிதழ் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. விண்ணப்பத்தில் தகப்பன் வருமானம் என்ற இடத்தில் என்ன எழுதுவது?

அம்மா, மரணச் சான்றிதழ் எடுத்தே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 2016 இல் மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி, இறந்தவர் என்று எழுதாமல், காணாமற்போனவர் என்றே பதிந்து ஒரு சான்றிதழ் தருவார்கள். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். தகப்பன் பெயரை எழுதி, வருமானத்துக்கு நேரே "2009 முதல் காணாமற்போனவர்" என்று எழுதுங்கள். சான்றையோ கிராம அலுவலரின் கடிதத்தையோ இணையுங்கள். உங்கள் கூலி வருமானத்தை உள்ளபடி காட்டுங்கள். வெறுமையான கட்டத்தைப் பார்க்கும் எழுதுவினைஞர் உங்கள் கதையை ஊகிக்கமாட்டார், "பூரணமற்றது" என்று ஒதுக்கிவிடுவார். நானே அப்படி ஒதுக்கிய நாட்கள் உண்டு. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று, பெயர். பிறப்புச் சான்றிதழில் சிவராசா, அடையாள அட்டையில் சிவராஜா, வங்கிப் புத்தகத்தில் வேறொன்று. இடம்பெயர்ந்து பதிந்த குடும்பங்களில் இது சாதாரணம். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி எடுத்து, மூன்றும் ஒரே ஆள்தான் என்று இப்போதே உறுதிப்படுத்தி வையுங்கள். கடைசித் திகதிக்கு முதல் நாள் ஓடித் திரியவேண்டாம்.

நெடுங்கேணித் தந்தை: வவுனியாவிலேயே பல்கலைக்கழகம் வந்துவிட்டதே. மகன் அங்கேயே கலை படிக்கலாம்தானே?

இல்லை. 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் பம்பைமடு வளாகத்தில் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பம் ஆகிய பீடங்கள்தான். கலைக்கு யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனை போன்ற இடங்களைப் பாருங்கள். கலைப்பீட அனுமதி அகில இலங்கைத் திறமை வரிசையில் நடப்பது; "எங்கள் மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி (அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளி) குறைவு" என்ற நம்பிக்கையில் மகனைப் படிப்பில் தளரவிடாதீர்கள்.

மாங்குளம்: வெட்டுப்புள்ளி எட்டவில்லை. வளாகத்துக்குள் சேராமல் வெளியிலிருந்து எடுக்கும் வெளிவாரிப் பட்டத்தோடு, பிரதேச செயலாளர் போன்ற பதவிகளுக்கான நிர்வாக சேவைப் பரீட்சை எழுதலாமா?

எழுதலாம், அங்கீகரிக்கப்பட்ட பட்டமாக இருந்தால். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டமும் திறந்த பல்கலைக்கழகப் பட்டமும் அப்படிப்பட்டவை. ஆனால் வெளிவாரிக்கு மகாபொல இல்லை. பகலில் வேலை, இரவில் படிப்பு என்றுதான் போகவேண்டியிருக்கும். கிராம அலுவலர், முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் பரீட்சைகளுக்கு உயர்தரத் தகுதி போதும். உள்ளே போய்விட்டால், சேவைக்காலம் நிறைந்தபின் நிர்வாக சேவைக்கு மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை என்ற இரண்டாம் கதவும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த நல்ல நிர்வாகிகள் சிலர் அந்தக் கதவால் வந்தவர்கள்தான்.

விசுவமடு மாணவி: புலமைப்பரிசில் காசில் நிர்வாக சேவை வகுப்புக்குப் போகட்டுமா?

முதலாம் வருடத்திலேயே வேண்டாம். அந்தக் காசில் சிங்களம் படி. நிர்வாக சேவைப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம், அதில் தடையில்லை. தடை பிறகு வரும். நியமனம் கிடைத்தபின் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி காட்டவேண்டும், இல்லாவிட்டால் சேவையில் உறுதிப்படுத்துவது சிக்கலாகும். என் முதல் வருடத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களக் கடிதத்தை, மொழிபெயர்ப்பவர் லீவு என்று நான்கு நாள் லாச்சிக்குள் வைத்திருந்தேன். பிரித்து வாசிப்பித்தபோது, வெள்ள நிவாரணப் பட்டியல் அனுப்பவேண்டிய திகதி முந்திய நாள் முடிந்திருந்தது. பொது விவேக வினாத்தாள்களை வாங்கி, மணிக்கூட்டை வைத்து நீயே செய்து பழகலாம். சிங்களத்துக்குத்தான் பேச ஓர் ஆள் வேண்டும்.

மன்னார்: இந்தியாவில் கலை படிக்கப் புலமைப்பரிசில் கிடைக்குமா?

கிடைக்கும். இந்திய அரசின் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் இளமாணிப் படிப்புக்கானது. அதில் கலைத்துறையும் உண்டு. கட்டணமும் மாதாந்தக் கொடுப்பனவும் தருவார்கள். திரும்பி வந்து அரச சேவைக்கு விண்ணப்பிக்கும் எண்ணமிருந்தால், சேரும் பல்கலைக்கழகத்தை இங்குள்ள மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று போகுமுன் பார்.

ஒட்டுசுட்டான்: அரச வேலை அறிவித்தல்களை எங்கே பார்ப்பது? முகநூலில் வருபவை உண்மையா?

சில உண்மை, சில பழையவை, சில காசு பறிப்பவை. வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார். அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தில் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது.