டெர்மினலில் எழுத்துகளின் நிறத்தை மாற்றுவது எப்படி? அது வெட்டி வேலையா?

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சுசெய்யும் திரையில், நிறம் மாற்றுவது "வெட்டி வேலை" என்று உங்கள் சீனியர் சொன்னதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கண்ணில் குறை எதுவும் இருக்காது. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. தாய்மாமாவுக்கும் அப்படித்தான்; அம்மா வழியில் வருவது. எங்கள் மொரீசியஸ் கொடியில் மேல் பட்டை சிவப்பு, கீழ்ப் பட்டை பச்சை என்று மனப்பாடமாகத்தான் சொல்வேன்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு புரோகிராமாகப் போய் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். பெரும்பாலானவை வெறும் எண்ணைத்தான் அனுப்புகின்றன: 31 சிவப்பு, 32 பச்சை, 34 நீலம். அந்த 31 திரையில் எப்படித் தெரியவேண்டும் என்று முடிவுசெய்வது டெர்மினல். அதன் செட்டிங்ஸில் கலர் பேலட் இருக்கும், எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற பட்டியல். நான் சிவப்பு இருந்த இடத்தில் ஆரஞ்சும் பச்சை இருந்த இடத்தில் வான நீலமும் வைத்திருக்கிறேன். கோடில் செய்த மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப்பில் எந்த வரி போனது, எது வந்தது என்று இப்போது பார்த்ததுமே தெரிகிறது. கறுப்புப் பின்னணியில் ஃபோல்டர் பெயர்கள் கருநீலத்தில் மூழ்கிக் கிடப்பதுதான் உங்கள் தொல்லை என்றால், நீலத்தைக் கொஞ்சம் வெளிறவிடுங்கள். பேலட்டில் நீலம் இரண்டு இருக்கும், சாதாரணம் ஒன்று, பளிச்சென்று ஒன்று. இரண்டையும் மாற்றுங்கள், தடித்த எழுத்துக்குச் சில டெர்மினல்கள் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும்.

பேலட்டுக்கு அடங்காத ஒரு வகையும் உண்டு. 38;2 என்று தொடங்கி சிவப்பு, பச்சை, நீல அளவுகளை நேரடியாக எழுதிவிடுவார்கள். இங்கே மொரீசியஸில் எபேன் என்ற ஊரில் நான் வேலை பார்த்த இடத்தில் பிரான்ஸ் கிளையன்டுக்கான ஸ்கிரிப்ட் ஒன்று அப்படித்தான். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு புள்ளி: பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் உடனே நிறுத்து. எழுத்தே கிடையாது. திரை நிறையப் புள்ளி, எனக்கு எல்லாம் ஒரே மஞ்சள்பழுப்பு. ஒவ்வொரு தடவையும் பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டு "இது என்ன, அது என்ன" என்று கேட்கவேண்டும். புள்ளிக்குப் பக்கத்தில் "ஓகே", "ஃபெயில்" என்று ஒரு சொல் சேர்த்து அனுப்பினேன். அழகு கெடுகிறதாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வரி மாற்றம், ஐயா!

டெர்மினலை மயிலாக அலங்கரிப்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். நிறமே பிடிக்காதவர்களுக்கு நோ_கலர் (NO_COLOR) என்ற சூழல் மாறி இருக்கிறது, புரோகிராம்கள் தொடங்கும்போது பார்த்துக்கொள்ளும் ஒரு அமைப்பு. அதற்கு ஏதாவது மதிப்பு கொடுத்துவைத்தால் பல புரோகிராம்கள் நிறத்தை விட்டுவிடும்.

அப்புறம், என் போன பதிலுக்குக் கீழே "மொரீசியஸ்காரருக்கு இவ்வளவு தமிழா?" என்று வியந்தவருக்கு: எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998இல் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது இங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், மத்திய வங்கி அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றது. வீட்டில் பேசுவது கிரியோல்தான், மறுக்கவில்லை. ஆனால் பதிலில் உள்ளதை விட்டுவிட்டு என் தமிழுக்கு மார்க் போடவேண்டாம்.