கூட ஓடிவர ஓர் ஆள்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை தெருவே அதிரும்படி பேசித் திரிந்தவள், வயதுக்கு வந்த பிறகு அடியோடு மாறிவிட்டாள். விருந்தினர் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுகிறாள். வகுப்பில் விடை தெரிந்தாலும் எழுந்து சொல்வதில்லை என்று ஆசிரியை வருத்தப்படுகிறார். "தைரியமாக இரு" என்று நாள் தவறாமல் சொல்லிப் பார்த்துவிட்டேன். வேறு என்ன செய்வது?
— ஒரு தாய், அறந்தாங்கி

பதில்: சகோதரி, மகள் மாறிவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளைச் சுற்றி என்னென்ன மாறின என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நம் வீடுகள் பலவற்றில் சடங்கு முடிந்த கையோடு பெண்ணைக் கடைக்கு அனுப்புவது நின்றுவிடுகிறது. மாலை விளையாட்டு நின்றுவிடுகிறது. அவள் ஓட்டிய சைக்கிள் தம்பியின் கைக்குப் போய்விடுகிறது. உரக்கச் சிரித்தால் யாராவது ஒருவர் அதட்டுகிறார். உங்கள் வீட்டில் இவற்றில் ஒன்றிரண்டு நடந்திருந்தாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் மகளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் பெற்றவர்கள் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் நேற்றுவரை மிச்சக் காசை எண்ணி வாங்கிவந்த பெண்ணிடமிருந்து அந்த வேலையைப் பறித்துவிட்டு, தைரியமாக இரு என்று வாயால் சொன்னால், அவள் எதை வைத்துத் தைரியம் கொள்வாள்?

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1991-ஆம் ஆண்டு வாக்கில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தறிவு கற்பித்தபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தர வேண்டும் என்று முனைந்தார். வயல் வேலை செய்கிறவர்களும் கல் குவாரித் தொழிலாளர்களுமாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஏறி ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன்பக்கக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்க அது வசதி என்று சிலர் அதையே விரும்பினார்கள். சைக்கிள் கற்றுக்கொடுப்பவரைக் கவனித்திருப்பீர்கள். சீட்டின் பின்பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவருவார். பழகுகிறவருக்குத் தெரியாமலே ஓர் இடத்தில் கையை எடுத்துவிடுவார். ஆனாலும் ஓட்டத்தை நிறுத்த மாட்டார். உங்கள் மகளுக்கு வேண்டியது அப்படி ஓர் ஆள். முதலில் அது நீங்களாக இருங்கள். அரசு தரும் சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் வரும், அதுவரை காத்திருக்க வேண்டாம். இருக்கிற சைக்கிளில் அவளுக்கும் பங்கு கொடுங்கள். வங்கிக்குப் போகும்போது அழைத்துச் சென்று பணம் கட்டும் சீட்டை அவளையே நிரப்பச் சொல்லுங்கள். தவறாக எழுதினால் வாங்கித் திருத்தாதீர்கள். வேறு சீட்டு எடுத்துவரட்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய அப்பாவுக்கும் இதில் பங்குண்டு. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பள்ளிப் படிப்பு, அவர் வயதுக்கு வந்ததும் அக்கால வழக்கப்படி நின்றது. ஆனால் கல்லூரி முதல்வராக இருந்த அவருடைய தந்தை, வீட்டிலேயே பாடம் தொடர வழிசெய்தார். அந்தப் பெண் 1912-இல் மருத்துவரானார். மகளோடு தினம் பத்து நிமிடமாவது மதிப்பெண்ணைத் தவிர வேறு ஏதாவது பேசும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். எங்களிடம் படித்துக் கல்லூரிக்குப் போன பெண்களைக் கொண்டு இப்போதைய மாணவிகளுக்கு வழிகாட்ட நினைக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
— ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: நல்ல முயற்சி. பெரிய பதவியில் இருப்பவர்களைத் தேடாமல், உங்கள் பள்ளியிலிருந்தே போனவர்களை நினைத்தீர்களே, அதுதான் சரி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியதால், அப்படிப் படிக்கிற அக்கா ஒருத்தி இன்று பல ஊர்களிலும் இருக்கிறாள். எந்தப் பேருந்தில் ஏறினால் முதல் வகுப்புக்குப் போய்ச் சேரலாம், விடுதி விண்ணப்பத்தோடு என்னென்ன சான்றிதழ் வைக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியாமல் முதல் மாதம் எப்படி அழுதோம் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அரியர் வைத்ததையும் அதை எழுதித் தேறியதையும் அவள் மறைக்காமல் சொல்லட்டும்.

மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். ஓர் அக்காவுக்கு ஐந்தாறு மாணவிகள், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, அதே அக்கா, அதே பிள்ளைகள் என்று ஓர் ஆண்டாவது ஓட வேண்டும். முதல் இரண்டு சந்திப்புகளில் யாரும் பேச மாட்டார்கள். மனம் தளர வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் அக்காக்கள் வாக்குக் கொடுக்கக் கூடாது. பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணப் பேச்சு என்றாலோ, யாரோ தவறாக நடந்துகொள்கிறார் என்றாலோ உடனே உங்களிடம் வர வேண்டும். நீங்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும். அது இரவும் பகலும் இயங்கும் இலவச எண். இதை முதல் நாளே மாணவிகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கின்றனவா, நாப்கின் கேட்டால் உடனே கிடைக்கிறதா என்று நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். காலை வணக்கக் கூட்டத்தில் திருக்குறள் சொல்ல அழைத்தாலே கை நடுங்குகிறது. என் தோழியைப் போல நான் எப்போது பேசுவேன்?
— மாணவி, திருநெல்வேலி

பதில்: மகளே, கை நடுங்கினால் நடுங்கட்டும், குறளை ஒரு தாளில் எழுதி, அட்டையில் வைத்துப் பிடித்துக்கொண்டு சொல், நடுக்கம் யாருக்கும் தெரியாது. அந்தத் தோழியிடமே உன் பயத்தைச் சொல். முன்வரிசையில் நிற்கச் சொல்லி, அவளுக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல். முதல் வாரம் குறள் போதும். அடுத்த முறை பொருளையும் சேர்த்துக்கொள். மாலையில் பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புத் தங்கை யாருக்காவது கணக்குச் சொல்லிக்கொடு. புரியவில்லை என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்கும்போது உன் குரல் எப்படி இருக்கிறது என்று கவனித்து, எனக்கு எழுது.