திருகோணமலையில் கப்பல் ஏறியவர்கள்

கேள்வி: டிசம்பர் இதழில் கொடி நாள் நிதிக்குத் தாராளமாகக் கொடுங்கள் என்று எழுதினீர்கள். அதே இதழின் தலையங்கத்தில், எதற்கெடுத்தாலும் போர் வேண்டும் என்று கிளம்பாதீர்கள் என்றும் எழுதினீர்கள். நீங்களே பட்டாளத்தில் இருந்தவர். வீரர்களை ஆதரிப்பவர், அவர்கள் நடத்தும் போரை ஆதரிக்காமல் இருப்பது எப்படி? இது இரட்டை நாக்கு இல்லையா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: ‘அவர்கள் நடத்தும் போர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நான் 17 வருஷம் ராணுவத்தின் தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். அந்த 17 வருஷத்தில் ஒரு போரையும் நான் நடத்தவில்லை. உத்தரவு வரும், டிரங்குப் பெட்டியைப் பூட்டுவோம், ரயில் ஏறுவோம். எங்கே, யாரோடு, எதற்கு என்பதையெல்லாம் முடிவு செய்தவர்கள் டெல்லியில் இருந்தார்கள். அவர்களை அங்கே உட்கார வைத்தது உங்கள் ஓட்டும் என் ஓட்டும்.

எனக்குத் தெரிந்த ஒன்றையே சொல்கிறேன். 1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும் கொழும்பில், இலங்கை இனப்போரை நிறுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆகஸ்டில் நான் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள பலாலி விமானத் தளத்தில் இறங்கினேன். அமைதி காக்கப் போகிறோம் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். யாழ்ப்பாணத்து ஜனங்களும் அப்படித்தான் நம்பினார்கள். எங்கள் வண்டிகளுக்கு மாலை போட்டார்கள். அக்டோபரில் அதே ஊரில் சண்டை. எதிரே துப்பாக்கியோடு நின்ற விடுதலைப் புலிப் பையன்களில் பலர் 1983க்குப் பிறகு நம் நாட்டிலேயே, நம் அரசின் ஏற்பாட்டிலேயே பயிற்சி எடுத்தவர்கள். அக்டோபர் 11 நள்ளிரவுக்குப் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேர். அவர்களுக்குப் பின்னால் வர வேண்டிய படை வந்து இறங்க முடியவில்லை. விடிந்து பார்த்தால் 29 பேர் உயிரோடு இல்லை; மிஞ்சிய ஒருவர் பிடிபட்டுவிட்டார். அந்த 29 பேருக்காக இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கும். அவர்களை அங்கே இறக்கிய முடிவை நான் ஏன் ஆதரிக்க வேண்டும்? இறந்தவர்கள் மேல் மரியாதை இருப்பதால்தானே அந்த முடிவு யாருடையது என்று கேட்கிறேன்?

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் எங்கள் படை புகுந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நான் அங்கே இல்லை. ஆனால் நானும் அதே சீருடையில்தான் இருந்தேன். சில நாள் கழித்து ஒரு சோதனைச் சாவடியில் லைன் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மா வரிசையில் நின்றார். நான் தமிழில் பேசியதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, நீங்களும் தமிழாக்கள்தானே? பிறகேன் இஞ்ச வந்தனீங்கள்?” என்றார். குரலை உயர்த்தவில்லை. கையில் ஒரு ஒயர் கூடை, அதில் மருந்துச் சீட்டும் ஒரு சின்னப் பாட்டிலும். என்னிடம் பதில் இல்லை. உத்தரவு என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

வீரர்களை ஆதரிப்பது என்றால் இதையெல்லாம் மூடி மறைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சுட்டது யார், சுடச் சொன்னது யார் என்று அன்றே விசாரித்துத் தண்டித்திருந்தால், அந்தப் பழி மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் தலையில் விழுந்திருக்காது.

அது எங்கள் எல்லோர் தலையிலும் விழுந்தது. 1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல்கள் திருகோணமலையை விட்டுக் கிளம்பின. நானும் அந்த மாதம்தான் வந்தேன். சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி வரவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அவர் வருத்தத்தை இன்று என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அன்று முடியவில்லை. இரண்டரை வருஷம் கழித்துச் சொந்த மண்ணில் கால் வைக்கிறேன், பக்கத்தில் நின்ற கன்யாகுமரிக்காரப் பையன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். அவன் போரை விரும்பிப் போனவனில்லை. அவன் குடும்பத்துக்கு மாதச் சம்பளம் தேவைப்பட்டது. அந்தப் போரை எதிர்த்தவர்கள் எங்களையும் சேர்த்து எதிர்த்தார்கள். அனுப்பி வைத்தவர்களோ அந்தப் பேச்சையே எடுக்க விரும்பவில்லை. நீங்கள் சொல்வதுபோல வீரரையும் போரையும் ஒரே முடிச்சாகப் போட்டால் இதுதான் நடக்கும். போர் ஜெயித்தால் தோளில் தூக்குவீர்கள், கசந்துபோனால் எங்களையும் சேர்த்துத் தள்ளிவிடுவீர்கள்.

அங்கே இறந்த எங்கள் ஆட்கள் சுமார் 1,200 பேர். அவர்கள் பெயர்களைப் பொறித்த நினைவிடத்தைக் கட்டியது இலங்கை அரசு, கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜெயவர்தனபுர கோட்டை என்ற ஊரில். 1989இல் அதிபர் பிரேமதாசா எங்களை வெளியேறச் சொன்ன அதே நாடு.

சரி, போருக்குக் கை தட்டுகிறவர்கள் வீரர்களை எப்படி ஆதரிக்கிறார்கள்? என்னோடு இருந்த ஒரு லான்ஸ் நாயக், கண்ணிவெடியில் வண்டி தூக்கி எறியப்பட்டும் உடம்பில் பெரிய காயமில்லாமல் பிழைத்தார். அப்புறம் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி எழுந்து வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வார். தெருவில் கேஸ் சிலிண்டர் இறக்கும் சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தரையில் படுக்கச் சொல்வார். படையிலிருந்து அனுப்பும்போது மெடிக்கல் போர்டு எழுதிய வரி இது: பணியால் வந்த நோயல்ல, பணியால் கூடியதும் அல்ல. ஊனமுற்றோர் பென்ஷன் கிடையாது. அந்த ஒரு வரியை மாற்ற அவரும் அவர் மனைவியும் பல வருஷம் அலைந்தார்கள். வேலைக்கு எடுக்கும்போது உடம்பில் குறை எதுவும் எழுதவில்லையென்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது. அதற்குப் பிறகும் அரசு அப்பீலுக்குப் போன வழக்குகள் எத்தனையோ. அந்த அப்பீலை எதிர்த்து எந்தத் தெருமுனையிலும் ஒரு கோஷத்தையும் நான் கேட்டதில்லை. 2015 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினத்துக்கு முதல் நாள், ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த முன்னாள் வீரர்களைப் போலீஸ் பிடித்து இழுத்தது. மெடல் குத்திய சட்டையோடு இருந்த கிழவர்கள் அவர்கள். அன்று நான் டி.வி.யை அணைத்துவிட்டேன்.

நாட்டைக் காக்க ஆயுதம் எடுக்கவே கூடாது என்று நான் எழுதவில்லை. எல்லைக்குள் ஒருவன் புகுந்தால் சண்டை போடத்தான் வேண்டும். ஆனால் என் பிள்ளை வயதுப் பையன்களை அனுப்புவதற்கு முன்னால் எதற்கு, எத்தனை நாள், திரும்பி வந்தவனுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பேன். கேட்டால் இரட்டை நாக்கு என்கிறீர்கள். துறைமுகத்தில் நின்றபோது எங்களுக்காக அப்படிக் கேட்க ஆள் இல்லையே என்றுதான் ஏங்கினேன்.

உங்களுக்கு உண்மையிலேயே வீரர்கள் மேல் அக்கறை இருப்பதால்தான் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தெருவிலோ பக்கத்து ஊரிலோ பட்டாளத்துக்காரரின் விதவை ஒருவர் இருப்பார். கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆர்டர் நகலையும் எடுத்துக்கொண்டு, அவரை திருச்சியிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஆர்டரில் அந்த அம்மாவின் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல பேருக்கு அங்கேதான் பென்ஷன் நின்றுபோயிருக்கிறது.