வெயில் காலத்தில் வீட்டுப் பூனையை வெளியே ஓடாமல் எப்படி வைத்திருப்பது?

ஜன்னலை மூடினால் பூனை உள்ளே வெந்துபோகிறது, திறந்தால் ஓடிவிடுகிறது, என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது சேலத்தில், அஸ்தம்பட்டி பக்கம், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற முதல் மாடி வீட்டில். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும், ராத்திரி பத்து மணிக்குக் கை வைத்தால்கூடச் சுவர் சுடும். இந்த ஊரில் ஜன்னலைச் சாத்திவைத்துப் பூனை வளர்ப்பது நடக்காத காரியம். அதனால் திறந்தே வையுங்கள், ஆனால் வலை அடித்துவிட்டுத் திறங்கள். ஜன்னலைவிடப் பெரிய தலைவலி வாசல் கதவு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எங்கள் பூனை பெயர் செந்தூரா. மாம்பழ நிறம், அதனால் மாம்பழப் பெயர். ஒரு சித்திரை மாதத்து ராத்திரி கரண்ட் போனது, புழுக்கம் தாங்காமல் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டுத் தூங்கிவிட்டோம். கொசுவலை இருக்கிறதே என்ற தைரியம். ஆனால் அது வெல்க்ரோவில் ஒட்டுகிற துணி வலை, கொசுவுக்குப் போதும், நாலு கிலோ பூனை சாய்ந்து நின்றால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். காலையில் வலையின் ஒரு மூலை தொங்கிக்கொண்டிருந்தது, செந்தூராவைக் காணோம். சன்ஷேடில் இறங்கி அப்படியே பக்கத்துக் காம்பவுண்டுக்குள் குதித்திருக்கிறான்.

இரண்டு நாள் ஐந்து ரோடு வரைக்கும் அலைந்தேன், அத்தனையும் வீண். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை வெளியே போனதும் ஊர் சுற்றாது, பயத்தில் மிக அருகிலேயே எங்காவது புகுந்துகொள்ளும், நாம் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் பதில் குரல் கொடுக்காது. அவன் கிடைத்தது மூன்றாவது வீட்டில், மோட்டார் ரூமுக்குப் பின்னால் அடுக்கிவைத்த செங்கல் சந்தில். தெரு அடங்கிய பிறகு நடுராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கண் இரண்டும் மின்னியது. விரட்டிப் பிடிக்காமல் கருவாட்டை வறுத்துக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அரை மணி நேரத்தில் தானாகவே வந்தான்.

அடுத்த வாரமே ஃபேப்ரிகேஷன் கடைக்காரரைக் கூப்பிட்டு ஜன்னல்களுக்கெல்லாம் அலுமினிய சட்டத்தில் ஸ்டீல் வலை போட்டாகிவிட்டது. செலவு அதிகம் என்றால் கோழிக்கூண்டு வலையை வாங்கிக் கட்டுக்கம்பியால் ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டுங்கள், அழகு இருக்காது, வேலை நடக்கும். ஜன்னல் கம்பி மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், பூனைக்குத் தலை நுழைந்தால் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும். பால்கனிக்குப் புறா வலை பரவாயில்லை, ஆனால் நைலான் வெயிலில் மக்கிப்போகும், ஒவ்வொரு பங்குனியிலும் இழுத்துப் பாருங்கள். பாத்ரூம் வென்டிலேட்டரை எல்லாரும் மறந்துவிடுவார்கள், பூனை மறக்காது.

உயரமான அபார்ட்மென்டில் இருந்தால் இது இன்னும் முக்கியம். பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்று சொல்லிக்கொண்டு சிலர் வலையே போடுவதில்லை. 1987இல் நியூயார்க் கால்நடை மருத்துவர்கள் இப்படி மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், சிகிச்சைக்கு வந்தவற்றில் 90 சதவீதம் பிழைத்துவிட்டன, வாஸ்தவம்தான், ஆனால் நெஞ்சில் அடி, தாடை உடைவு, கால் முறிவு என்றுதான் பிழைத்தன.

சரி, வலை போட்ட பிறகும் உள்ளே சூடு இருக்கிறதே என்றால்: பூனைக்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான், நமக்கு ஃபேன் தருகிற சுகம் அதற்குக் கிடைக்காது. எங்கள் வீட்டில் ஹாலில் பழைய சிவப்பு சிமெண்ட் தரை, மதியம் முழுக்க அவன் அங்கேதான் மல்லாந்து கிடப்பான். மண் சட்டியில் தண்ணீர், இரண்டு மூன்று இடத்தில். நம் ஊர் வறண்ட வெயிலுக்கு ஏர் கூலர் நன்றாக எடுபடும், ஆனால் ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும், அதற்கும் வலை வேண்டும், பார்த்தீர்களா. முடியை ஒட்ட மழிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், எச்சில் ஒழுகித் தள்ளாடினால், அது விளையாட்டில்லை, ஐஸ் வைக்காமல் சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து, ஃபேன் காற்றில் காட்டி, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இன்னொன்று, வெயில் காலத்தில் உண்ணி ஏறுகிறது என்று நாய்க்கு வாங்கிய பவுடரைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், அதில் பெர்மெத்ரின் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஏற்காட்டில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது, மே மாதம் அங்கே விட்டுவிடலாமே என்று ஒருமுறை கொண்டுபோனேன். இருபது கொண்டை ஊசி வளைவு, எட்டாவதிலேயே வாந்தி. மேலே குளிர்ச்சிதான், ஆனால் திறந்த ஜன்னல் வழியாகக் குரங்கு வந்து வாழைப்பழத்தை எடுத்தது, அதைப் பார்த்த அதிர்ச்சியில் இவன் மூன்று நாள் பீரோ மேலேயே இருந்தான். புது இடம் என்றால் ஓடிப்போகிற வாய்ப்பும் கூடும். அத்தோடு விட்டுவிட்டேன்.

இனி வாசல் கதவு. விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு சாத்தியிருக்கக் கூடாது, லட்சுமி வருகிற நேரம் என்பார் அம்மா. பூனைக்குச் சுறுசுறுப்பு ஏறுவதும் சரியாக அந்த மாலை மங்கலில்தான். தினமும் ஆறு மணிக்கு வீட்டில் சண்டை. கருத்தடை செய்த பிறகு வெளியே போகிற வெறி நன்றாகவே குறைந்தது (இன்னும் செய்யவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், ஆணோ பெண்ணோ), ஆனாலும் படிக்கட்டுப் பல்லியைப் பிடிக்கிற ஆசை போகவில்லை. கடைசியில் வராண்டா கிரில் கேட்டுக்கே அடியிலிருந்து மேல்வரை வலை அடித்தோம். உள்கதவு திறந்திருந்தால் கேட் பூட்டியிருக்கும், கேட்டைத் திறக்க வேண்டுமானால் உள்கதவைச் சாத்த வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது, இவ்வளவுதான் சட்டம். லட்சுமி வரலாம், செந்தூரா போக முடியாது என்று சொன்னதும் அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிற ஒருவரிடம் இரண்டு சலங்கை வாங்கி எலாஸ்டிக் பட்டையில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறோம், எங்காவது மாட்டினால் கழன்றுவிடும், கதவருகே வந்தால் சத்தம் கேட்கும். தண்ணி கேன் போடுகிற தம்பிக்குக்கூட இது பழகிவிட்டது, கேட்டைத் தட்டுவதற்கு முன்பே கீழிருந்து, "அக்கா, மாம்பழத்தைப் புடிச்சுக்கோங்க, வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் படி ஏறுகிறான்.