வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டு வேலையில் இரண்டு விதிகள்

கேள்வி: ஐயா, என் அண்ணன் மகனும் என் மகனும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அண்ணன் மகன் கணினி வேலைக்குப் போனவன். திருமணமான சில மாதங்களிலேயே மனைவியை அழைத்துச் சென்றுவிட்டான். என் மகன் கட்டட வேலையில் பல ஆண்டுகளாக இருந்தும் மனைவியையும் குழந்தையையும் அழைத்துப் போகவில்லை. கேட்டால், முடியாது என்கிறான். உண்மையிலேயே முடியாதா, அல்லது அவன் முயலவில்லையா?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வது முற்றிலும் உண்மை. அவர் எவ்வளவு முயன்றாலும் நடக்காது, ஏனெனில் அவர் கையில் இருக்கும் அனுமதி அட்டையின் வகை அதற்கு இடம் தருவதில்லை. சிங்கப்பூர் அரசு வெளிநாட்டுப் பணியாளர்களுக்கு முக்கியமாக மூன்று வகையான அனுமதிகளை வழங்குகிறது. மேல்நிலைப் பணியாளர்களுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ், இடைநிலையினருக்கு எஸ் பாஸ், கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் உடலுழைப்பைத் தருவோருக்கு வொர்க் பெர்மிட். முதல் இரு வகையினர் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம்; மாதம் 6,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு)க் குறையாத நிலையான சம்பளம் பெற்றால் மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ளவும் விண்ணப்பிக்கலாம். வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு இந்த இரண்டு வழிகளும் கிடையாது. அவர் சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால்கூட மனிதவள அமைச்சின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு வொர்க் பெர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி அரசிடம் 5,000 வெள்ளி பிணைத்தொகைக்கு உத்தரவாதம் தருகிறார்; மாதந்தோறும் லெவி என்னும் வரியும் செலுத்துகிறார். வேலை முடிந்ததும் அந்தத் தொழிலாளி திரும்பிப் போய்விட வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

அண்ணன் தங்கை பிள்ளைகளான இருவருக்கு ஒரே ஊரில் இரண்டு வாழ்க்கைகள் அமைந்ததற்குக் காரணம் அவர்களுடைய உழைப்பிலோ பாசத்திலோ உள்ள வேறுபாடு அன்று. ஒருவரைக் குடும்பஸ்தராகவும் மற்றவரைத் தனி ஆளாகவும் மட்டுமே ஏற்றுக்கொள்ளும் சட்டம்தான் காரணம். இதன் விளைவு எவ்வளவு ஆழமானது என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. கொரோனா பரவியபோது கணினிப் பணியாளர்கள் வீட்டில் குடும்பத்தோடு இருந்து வேலை செய்தார்கள். நெருக்கமான அறைகளைக் கொண்ட தங்குவிடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 தொழிலாளர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு அவ்வாண்டு இறுதிக்குள் தொற்று ஏற்பட்டிருந்தது என்று அந்நாட்டு அரசே அறிவித்தது. நகரம் இயல்புக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் வேலைக்கன்றி வெளியே செல்வதற்கு நீண்ட காலம் கட்டுப்பாடு இருந்தது. சிங்கப்பூர் தன் சட்டங்களைத் தன் தேவைக்கேற்ப வகுத்துக்கொள்ளும் உரிமை உடையது என்பதை மறுக்கவில்லை. ஆனால், இருபது ஆண்டு உழைத்தாலும் ஒருவர் 'தற்காலிகமானவர்' என்றே கருதப்படுவதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

உங்கள் மருமகளுக்கும் இதை விளக்கிச் சொல்லுங்கள். அழைத்துப் போகாததற்குக் கணவர்தான் காரணம் என்று எண்ணி மனம் வருந்தும் பெண்கள் டெல்டா மாவட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கேள்வி: இந்தியாவுக்கு அதிகப் பணம் அனுப்புவது யார்? அமெரிக்காவில் இருக்கும் பொறியாளர்களா, வளைகுடாவில் இருக்கும் தொழிலாளர்களா?
– ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: மொத்தத் தொகையைப் பார்த்தால் இன்று அமெரிக்காதான் முதலிடம். 2024ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த பணம் சுமார் 129 பில்லியன் டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. வேறு எந்த நாடும் இவ்வளவு பெறவில்லை. ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி 2016–17இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் பங்கு 26.9 விழுக்காடு, அமெரிக்காவின் பங்கு 22.9 விழுக்காடு. 2023–24இல் அமெரிக்கா 27.7 விழுக்காட்டுக்கு உயர்ந்தது, அமீரகம் 19.2 விழுக்காட்டுக்குக் குறைந்தது.

படித்தவர்கள் குடும்பத்தோடு குடியேறிவிடுவதால் ஊருக்குக் குறைவாகவே அனுப்புவார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் வாதிட்டதுண்டு. பதினொரு நாடுகளில் குடியேறியவர்களின் தரவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, பணம் அனுப்புவோருள் அதிகம் படித்தவர்களே கூடுதலாக அனுப்புகிறார்கள் என்று கண்டது. சம்பளம் கூடுதல் என்பதால் அதில் வியப்பில்லை.

ஆனால், தொகையை மட்டும் வைத்து யார் நாட்டுக்கு அதிகம் செய்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வளைகுடாத் தொழிலாளியின் மனைவி, பிள்ளை, பெற்றோர் எல்லோரும் இங்கேயே இருக்கிறார்கள். அந்நாடுகள் அவருக்குக் குடியுரிமை தரப்போவதில்லை. ஆகவே, சாப்பாட்டுக்கும் கைபேசிக்கும் போக மீதி ஏறத்தாழ முழுவதும் ஊருக்கு வருகிறது. வந்த மாதமே கடைக்கடனும் பள்ளிக் கட்டணமும் அடைகின்றன. அமெரிக்காவிலிருந்து வரும் பெருந்தொகையில் ஒரு பகுதி ஏற்கெனவே வசதியாக இருக்கும் குடும்பத்தின் மனைக்கும் வைப்புநிதிக்கும் போகிறது. வேறு வருமானமே இல்லாத வீட்டுக்கு வரும் 20,000 ரூபாயின் மதிப்பைப் பில்லியன் கணக்கு காட்டாது.

கேள்வி: மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு வெளிநாட்டுக்குப் போகிறவர்களால் நாட்டுக்கு இழப்பு, கூலி வேலைக்குப் போகிறவர்களால் இழப்பே இல்லை. இது சரியான பார்வைதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

பதில்: தங்கள் கூற்றின் முதற்பாதி ஓரளவு சரி. 2010ஆம் ஆண்டு ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் முதல் ஆயிரம் இடங்களைப் பிடித்தவர்களை ஆராய்ச்சியாளர்கள் சிலர் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவர்களுள் 36 விழுக்காட்டினர் வெளிநாடு சென்றிருந்தார்கள். முதல் நூறு பேரில் இது 62 விழுக்காடு. முதல் பத்துப் பேரில் ஒன்பது பேர். இதை அற்பம் என்று ஒதுக்க முடியாது. இத்தகையோரின் வருமானத்துக்கு வரி விதித்துத் தாய்நாட்டுக்குத் தர வேண்டும் என்று பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி 1970களிலேயே யோசனை கூறினார், நடைமுறைக்கு வரவில்லை.

எனினும், இழப்பு மட்டுமே நிகழ்வதாகச் சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்கா வெளிநாட்டுச் செவிலியருக்குக் கதவைத் திறந்தபோது பிலிப்பைன்ஸில் செவிலியர் கல்லூரிகள் பெருகின. புதிதாகச் சென்ற ஒவ்வொரு செவிலியருக்கும் ஈடாக ஒன்பது பேர் கூடுதலாக உரிமம் பெற்றார்கள் என்று அங்கு நடந்த ஆய்வு கூறுகிறது. போகும் வாய்ப்பு இருப்பதாலேயே படித்து, கடைசியில் போகாமல் தங்கிவிடுவோர் பலர். நம் கணினித் துறையின் வளர்ச்சியிலும் இதன் பங்கு உண்டு. பிலிப்பைன்ஸில் குடும்பங்கள் தம் பணத்தில் படிக்கவைத்தன. இங்கே அரசு மருத்துவக் கல்லூரியில் மக்கள் செலவில் படித்த மருத்துவர் போவதை அதே கணக்கில் சேர்க்கலாமா என்று தாங்கள் கேட்டால், சேர்க்கக் கூடாது என்பதே என் பதில்.

தங்கள் கூற்றின் பிற்பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்து, இந்தியர்கள் மட்டும் 45 பேர் இறந்தார்கள். அவர்களுள் ஏழு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். வெயிலில் வேலை செய்து கெட்ட சிறுநீரகம், சாரத்திலிருந்து விழுந்து முறிந்த முதுகு, ஏஜென்ட்டுக்குக் கொடுப்பதற்காக விற்ற நிலம், தந்தையைக் கைபேசியில் மட்டுமே பார்த்து வளரும் குழந்தை ஆகிய அனைத்தும் நாட்டின் இழப்புகளே. பொறியாளர் போனால் தலையங்கம் எழுதுகிறோம். கம்பி கட்டும் தொழிலாளி போனால் அந்நியச் செலாவணி என்று மகிழ்கிறோம். இந்தப் பாகுபாடு எனக்கு வலிக்கிறது.

கேள்வி: நான் சிவில் டிப்ளமா முடித்தவன். சிங்கப்பூரில் கட்டட வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சில லட்சங்கள் கேட்கிறார். பத்தாம் வகுப்பு தேறியிருப்பதால் அரசு அனுமதி எதுவும் வேண்டாம் என்கிறார். நம்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், முதுகுளத்தூர்

பதில்: அனுமதி வேண்டாம் என்பது சட்டப்படி சரி, அதனால் ஆபத்து இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதற்குக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அவர்கள் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை) என்ற குறிப்பு இருக்கும். விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய் தரும் காப்பீடும் கட்டாயம். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் உள்ளன, சிங்கப்பூர் இல்லை. செய்யப்போகும் வேலையைப் பார்க்காமல் சான்றிதழைப் பார்த்துப் பாதுகாப்பு தருவது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை. டிப்ளமாவோ பட்டமோ பெற்றிருந்தும் வொர்க் பெர்மிட்டில் போய்ச் சாரத்தில் ஏறுகிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். நம் அரசின் பார்வையில் அவர்கள் படித்தவர்கள். போய் இறங்கும் நாட்டின் பார்வையில் கூலிகள். இரு பக்கத்துப் பாதுகாப்பிலும் அவர்களுக்கு உரிய பங்கு கிடைப்பதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. சப்-ஏஜென்ட் (துணை முகவர்) என்ற நிலைக்கு இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. படித்தவர்கள் வேலைக்குச் செல்லும் அமெரிக்க எச்-1பி விசாவின் முக்கியக் கட்டணங்களையோ வேலை கொடுப்பவரே செலுத்த வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அதிகம் சம்பாதிக்கப் போகிறவர் கட்டணமின்றிப் போக, குறைவாகச் சம்பாதிக்கப் போகிறவர் கடன் வாங்கிக் கட்டுகிறார்.

ஆகவே, முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு தரும் ஐ.பி.ஏ. என்னும் முன் அனுமதிக் கடிதம் உங்கள் பெயரில் தமிழில் கைக்கு வரும்வரை யாருக்கும் பணம் தராதீர்கள். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அவர் வாயால் சொன்ன சம்பளமும் கடிதத்தில் உள்ள சம்பளமும் வேறுபட்டால் போக வேண்டாம். கொடுக்கும் தொகை எதுவாயினும் வங்கி வழியாகவே கொடுத்து, ரசீதையும் கடிதத்தின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுங்கள்.