அக்டோபர் 1, பிப்ரவரி 3: கலிபோர்னியாவில் தலைப்பிரசவம், இரண்டு தேதிகள்

வாசகியின் கேள்வி:

ஃப்ரீமாண்டில் வசிக்கிறேன். சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஹெச்1பி விசாவில் வந்து, 2025 பிப்ரவரி 3 அன்று இங்கே ஒரு ஐடி கன்சல்டிங் நிறுவனத்தில் சேர்ந்தேன். மொத்தம் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். எனக்கு ஆண்டுச் சம்பளம் 1,17,000 டாலர். அக்டோபர் 20 டியூ டேட், தலைப்பிரசவம். "ஒரு வருடம் முடியவில்லை, அதனால் சட்டப்படி உங்களுக்கு விடுப்பே கிடையாது, ஆறு வாரம் சலுகையாகத் தருகிறோம்" என்கிறார் எச்ஆர். கணவர் சான் ஹோசேயில் ஒரு பெரிய நிறுவனத்தில் 3 ஆண்டுகளாக இருக்கிறார். மாநில அரசிடம் பணம் வாங்கினால் கிரீன் கார்டுக்குச் சிக்கல் வரும் என்று தோழி பயமுறுத்துகிறாள். கணவன் மனைவியில் ஒருவர்தான் வாங்க முடியும் என்கிறார் இன்னொருவர். அம்மா திருநெல்வேலியிலிருந்து செப்டம்பரில் வருகிறார். நான் என்ன செய்யட்டும்?

வழக்கறிஞரின் பதில்:

உங்கள் எச்ஆர் சொன்னதில் பாதி தவறு. மீதிப் பாதி சரி என்பதுதான் சங்கடம்.

கலிபோர்னியாவில் பணம் தரும் சட்டம் வேறு, வேலையைக் காக்கும் சட்டம் வேறு. என்னிடம் வருகிறவர்களில் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். பணம் இடிடி என்கிற மாநில வேலைவாய்ப்புத் துறையிலிருந்து வருகிறது. வேலை நமக்காகக் காத்திருக்கும் என்ற உத்தரவாதத்தைத் தருவது தனிச் சட்டங்கள். பணம் வந்துகொண்டிருக்கும்போதே வேலை போகலாம். பணம் நின்ற பிறகும் வேலைக்குப் பாதுகாப்பு தொடரலாம். சென்னையிலேயே இருந்திருந்தால் 26 வாரச் சம்பளத்தையும் விடுப்பையும் ஒரே சட்டத்தில் நிறுவனமே கொடுத்திருக்கும். இங்கே நாம்தான் தைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பணம். உங்கள் சம்பளச் சீட்டில் 'சிஏஎஸ்டிஐ' என்று ஒரு பிடித்தம் இருக்கும். 2025இல் அது சம்பளத்தில் 1.2 சதவீதம், உங்களுக்கு மாதம் 117 டாலர் போகிறது. முன்பு ஒரு வரம்புக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். 2024 ஜனவரியிலிருந்து அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இந்தப் பிடித்தத்திலிருந்துதான் பிரசவத்துக்கான இயலாமைக் காப்பீடும், அதன் பிறகு குழந்தையோடு இருப்பதற்கான குடும்ப விடுப்புத் தொகையும் வருகின்றன. குடும்ப விடுப்புத் தொகையை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்த மாநிலம் கலிபோர்னியாதான். 2004 ஜூலையில் கொடுக்கத் தொடங்கினார்கள்.

உங்கள் தோழியின் பயத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. இது ரேஷன் கடையில் வாங்குவது போன்ற உதவி இல்லை. மாதாமாதம் நீங்கள் பிரீமியம் கட்டிய காப்பீடு. குடியுரிமையோ கிரீன் கார்டோ இதற்குத் தேவையில்லை. பிடித்தம் செய்யப்பட்ட சம்பளம் இருந்தால் போதும். 'பப்ளிக் சார்ஜ்' (அரசுக்குப் பாரமாகிறவர்) என்று குடியேற்றத் துறை பார்ப்பது ஏழைகளுக்கான ரொக்க உதவி போன்றவற்றை. சம்பாதித்துப் பெறும் காப்பீட்டுத் தொகை இன்றைய விதிகளின்படி அதில் சேராது. பயந்துகொண்டு இதை விடாதீர்கள்.

சுகப்பிரசவம் என்றால் வழக்கமாக டியூ டேட்டுக்கு 4 வாரம் முன்பும், பிறந்தபின் 6 வாரமும் மருத்துவர் சான்று தருவார். சிசேரியன் என்றால் பிறகு 8 வாரம். சிக்கல் இருந்தால் கூடும். முதல் 7 நாளுக்குப் பணம் இல்லை. இது முடிந்ததும் குழந்தையோடு இருப்பதற்கு 8 வாரம்; அதற்குக் காத்திருப்பு நாள் கிடையாது. அந்த 8 வாரத்தைக் குழந்தை பிறந்த ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும், பிரித்தும் எடுக்கலாம்.

இப்போது உங்கள் விஷயத்தில் உண்மையான பொறிக்கு வருகிறேன்.

டியூ டேட் அக்டோபர் 20. நான்கு வாரம் முன்பு என்றால் செப்டம்பர் 22. எல்லோரும் செய்வதுபோல அன்றைக்கே கிளெய்மைத் தொடங்கினால் உங்களுக்குப் பெரிய நஷ்டம். காரணம் இதுதான்: வாரத்துக்கு எவ்வளவு என்பதை இடிடி நீங்கள் இப்போது வாங்கும் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவதில்லை. பழைய பன்னிரண்டு மாதங்களை நான்கு காலாண்டாகப் பிரித்து, அதில் அதிகம் சம்பாதித்த காலாண்டை எடுத்துக்கொள்கிறார்கள். எந்தப் பன்னிரண்டு மாதம் என்பதைக் கிளெய்ம் தொடங்கும் தேதி முடிவு செய்கிறது. ஜூலை முதல் செப்டம்பருக்குள் தொடங்கினால், மார்ச் 31இல் முடியும் பன்னிரண்டு மாதம். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் தொடங்கினால், ஜூன் 30இல் முடியும் பன்னிரண்டு மாதம்.

நீங்கள் சேர்ந்ததோ பிப்ரவரி 3. மார்ச் 31க்குள் உங்கள் கைக்கு வந்தது சுமார் ஆறு வாரச் சம்பளம், அதாவது 13,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வாங்கிய சம்பளம் இந்தக் கணக்கில் வராது. அந்த 13,500ஐ 13 வாரத்தால் வகுத்து, குறைந்த வருமானத்துக்கான 90 சதவீதம் போட்டாலும் வாரம் 930 டாலர் சொச்சம்தான் வரும். கிளெய்ம் அக்டோபர் 1இல் தொடங்கினால் ஏப்ரல் முதல் ஜூன் வரையான முழுக் காலாண்டு உள்ளே வருகிறது: 29,250 டாலர். அதையும் 13ஆல் வகுத்து 70 சதவீதம் போட்டால் வாரம் 1,575. (2025இன் உச்சவரம்பு 1,681.) ஒன்பது நாள் பொறுத்தால் வாரத்துக்கு 600 டாலருக்கு மேல் வித்தியாசம்.

உடம்பு ஒத்துழைத்தால் செப்டம்பர் 30 வரை வேலை செய்யுங்கள். முடியவில்லை, மருத்துவர் முன்பே நிறுத்தச் சொல்கிறார் என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள்; பணத்துக்காக வயிற்றில் பிள்ளையோடு பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அந்த நாட்களை நோய் விடுப்பிலோ வெகேஷனிலோ கழித்துவிட்டு, படிவத்தில் கிளெய்ம் தொடங்கும் தேதியாக அக்டோபர் 1 போடலாம். இயலாமை தொடங்கிய தேதி வேறு, கிளெய்ம் தொடங்க விரும்பும் தேதி வேறு என்று இரண்டையும் டிஇ 2501 என்ற கிளெய்ம் படிவமே தனித்தனியாகக் கேட்கிறது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் ஒரு முறை செல்லுபடியாகும் கிளெய்ம் பதிவாகிவிட்டால் தொடக்கத் தேதியை மாற்ற முடியாது. அவசரப்பட்டு செப்டம்பரிலேயே பதிவு செய்துவிட்டு என்னிடம் வந்தால் நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

விண்ணப்பம் ஆன்லைனில்தான் சுலபம். இயலாமை தொடங்கி 9 நாளாவது ஆன பிறகு, 49 நாளுக்குள் போட வேண்டும். போட்டதும் ஒரு ரசீது எண் வரும். அதை மருத்துவமனைக்குக் கொடுத்தால்தான் மருத்துவர் தன் பகுதியை அனுப்புவார். நம்மவர்கள் பலர் இங்கே மாட்டுகிறார்கள், தங்கள் பகுதியைப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் பணத்துக்குக் காத்திருப்பார்கள். மருத்துவர் பகுதி போயிருக்கவே போயிருக்காது. அப்புறம் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு பக்கம், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இன்னொரு பக்கம் என்று இருந்தால் அடையாளச் சரிபார்ப்பில் நின்றுவிடும். அட்டையில் உள்ளபடியே போடுங்கள். சம்பளச் சீட்டிலும் அதே பெயரா என்று இப்போதே பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். எச்ஆர் தவறு செய்த பாதி இது: கலிபோர்னியாவில் கர்ப்பகால இயலாமை விடுப்புக்குப் பணிக்காலம் ஒரு நாள்கூடத் தேவையில்லை. ஐந்து ஊழியர் உள்ள நிறுவனம் என்றாலே போதும். மருத்துவர் இயலாது என்று சொல்லும் காலம் வரை, அதிகபட்சம் நான்கு மாதம். முடிந்ததும் அதே வேலைக்கு எடுக்க வேண்டும். நீங்கள் கேட்டால் அதை எழுத்தில் தர வேண்டும். கேளுங்கள். அந்தக் காலத்தில் மருத்துவக் காப்பீட்டையும் முன்பு போலவே தொடர வேண்டும். உங்கள் பங்கைப் பிடிக்கச் சம்பளம் இருக்காது என்பதால், அதை எப்படிக் கட்டுவது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். "சலுகை" என்ற சொல்லை ஏற்றுக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர் சரியாகச் சொன்ன பாதி: குழந்தையோடு இருப்பதற்கான 12 வார வேலைப் பாதுகாப்பு சிஎஃப்ஆர்ஏ என்ற மாநிலச் சட்டத்திலிருந்து வருகிறது. அதற்கு 12 மாதப் பணியும், கடந்த 12 மாதத்தில் 1,250 மணி நேர வேலையும் வேண்டும். சுகப்பிரசவம் என்றால் உங்கள் இயலாமைக் காலம் டிசம்பர் 1 வாக்கில் முடியும். அன்று உங்களுக்குப் பத்து மாதம்தான் ஆகியிருக்கும். அப்போது இடிடி உங்களுக்கு எட்டு வாரப் பணம் தரத் தயாராக இருக்கும். ஆனால் அந்த எட்டு வாரமும் உங்கள் நாற்காலிக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஹெச்1பியில் இருப்பவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. வேலை போனால் வேறு ஸ்பான்சர் தேட அதிகபட்சம் 60 நாள்தான்.

எனக்குத் தோன்றும் வழி இது. டிசம்பர் 1 அன்று நீங்கள் வேலைக்குத் திரும்புங்கள். அன்றிலிருந்து உங்கள் கணவர் விடுப்பு எடுக்கட்டும். அவருக்குத் தனியாக 8 வாரப் பணமும் தனியாக 12 வார வேலைப் பாதுகாப்பும் உண்டு. இருவரில் ஒருவர்தான் என்பது கட்டுக்கதை. பிரசவத்தின்போது இரண்டு வாரம், டிசம்பரில் ஆறு வாரம் என்று அவர் பிரித்தும் எடுக்கலாம். குறையும் வாரங்களை அவருடைய வெகேஷனும் உங்கள் அம்மாவும் பார்த்துக்கொள்வார்கள். (பாட்டிமாருக்கும் இடிடி பணம் தந்தால் நன்றாகத்தான் இருக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு மருந்துக் குழம்பு வைப்பதற்கு எந்தச் சட்டத்திலும் தொகை இல்லை.) 2026 பிப்ரவரி 3 அன்று உங்களுக்கு ஓராண்டு ஆகிவிடும், விடுப்பில் இருந்த மாதங்களிலும் நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான், அவையும் சேரும். டிசம்பர், ஜனவரியில் வேலை செய்திருப்பதால் 1,250 மணி நேரக் கணக்கும் இடிக்காது. அன்றிலிருந்து ஏப்ரல் கடைசி வரை 12 வாரம் உங்களுக்குச் சட்டப்படி விடுப்பு. அதில் 8 வாரத்துக்கு இடிடி பணம். அந்த விடுப்பு தொடங்கிய 41 நாளுக்குள் விண்ணப்பியுங்கள்.

ஆறு வாரக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போவதா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நிறுவனம் டிசம்பரிலிருந்தே விடுப்பு தர எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் போக வேண்டாம். வாய்வார்த்தையை நம்பி மட்டும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். உடம்போ மனமோ தேறவில்லை என்று மருத்துவர் கருதினால் இயலாமைக் காலத்தை அவரே நீட்டிப்பார். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும் இதில் அடங்கும். அக்டோபர் 1இல் தொடங்கினால் ஜனவரி கடைசி வரை பாதுகாப்பு உண்டு. இல்லாத நோய்க்குச் சான்று கேட்பது வேறு விஷயம், அதை நான் சொல்லவில்லை. வேலைக்குத் திரும்பினால் பால் எடுத்து வைக்க நேரமும், கழிவறை அல்லாத மறைவான இடமும் தருவது நிறுவனத்தின் கடமை.

கணவருடைய சம்பளச் சீட்டில் 'சிஏஎஸ்டிஐ' என்பதற்குப் பதில் 'விபிடிஐ' என்று இருந்தால், அவர் நிறுவனம் மாநிலத் திட்டத்துக்குப் பதிலாகத் தானே ஒரு திட்டம் நடத்துகிறது. அப்போது அவர் இடிடியிடம் போகக் கூடாது, நிறுவனத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்று அல்லது மருத்துவமனைப் பதிவின் நகல் அவருக்குத் தேவைப்படும். "முதலில் இரண்டு வாரம் வெகேஷனைத் தீர்த்துவிட்டு வா" என்று யாராவது சொன்னால், 2025 ஜனவரியிலிருந்து அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லலாம்.

ஹெச்1பி பற்றி ஒரு வார்த்தை. நீங்களே கேட்டு எடுக்கும் பிரசவ விடுப்பில் நிறுவனம் சம்பளம் தரவில்லை என்பதால் உங்கள் அந்தஸ்து கெடாது. வேலை உறவு தொடர்ந்தால் போதும். அதற்கு அத்தாட்சி உங்கள் விடுப்புக் கடிதமும் அதற்கு நிறுவனத்தின் ஒப்புதலும். கன்சல்டிங் நிறுவனங்களில் "பிராஜெக்ட் முடிந்துவிட்டது" என்று சொல்லி நழுவும் பழக்கம் உண்டு. விடுப்பில் இல்லாவிட்டாலும் உங்களை நீக்கியிருப்பார்கள் என்று அவர்கள் நிரூபிக்க முடிந்தால் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. விடுப்புக் கேட்டதற்காக நீக்கினால் மாநிலக் குடிமை உரிமைகள் துறையில் மூன்று ஆண்டுக்குள் புகார் தரலாம். அதனால் பேச்சு எல்லாம் மின்னஞ்சலில் இருக்கட்டும், நகல் உங்கள் சொந்த முகவரிக்கும் போகட்டும்.

இந்த வாரமே எச்ஆருக்கு நான்கு வரி எழுதுங்கள்: டியூ டேட் அக்டோபர் 20, கர்ப்பகால இயலாமை விடுப்பு அக்டோபர் 1 முதல், அதே வேலைக்குத் திரும்பும் உத்தரவாதத்தை எழுத்தில் தரவும், 2026 பிப்ரவரி 3 முதல் சிஎஃப்ஆர்ஏ விடுப்பு எடுக்க எண்ணம். முன்கூட்டித் தெரிந்த விடுப்புக்கு 30 நாள் அறிவிப்பு வேண்டும். ஆகஸ்டிலேயே அனுப்பினால் அந்தக் கவலை இல்லை. குழந்தை பிறந்ததும் 30 நாளுக்குள் அதன் பெயரை மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். வரி நேரத்தில் இடிடியிலிருந்து 1099-ஜி என்ற தாள் வரும்: எட்டு வாரக் குடும்ப விடுப்புத் தொகைக்கு மத்திய அரசின் வருமான வரி உண்டு, மாநில வரி இல்லை, பிரசவ இயலாமைத் தொகைக்கு இரண்டுமே இல்லை.