தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் பேக்கப் ஆக மறுப்பது ஏன்?

கேள்வி: அப்பா பதிவு செய்து வைத்திருந்த நாதசுரக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றியிருக்கிறேன். ஊர், விழா, நாள் எல்லாம் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பெயர் வைத்தேன். மொத்தம் 1,400 ஃபைல் இருக்கும். புதிதாக வாங்கிய நாஸ் பெட்டிக்கு (வீட்டு நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) நகலெடுக்கும்போது 200 ஃபைலுக்கு மேல் 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிடுகின்றன. அவற்றைவிட நீளமான ஆங்கிலப் பெயர் உள்ளவை தடையில்லாமல் போகின்றன. விண்டோஸ் கணினியில் எல்லாமே நன்றாகத் திறக்கின்றன. எல்லாப் பெயரையும் ஆங்கிலத்துக்கு மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். தமிழிலேயே இருக்கட்டும், கொஞ்சம் சுருக்கினால் போதும். ஆனால் ஒரு பெயரைத் தொடுவதற்கு முன்பு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து, நேராகக் கணினியில் செருகி, அந்த ஃபோல்டரை இன்றைக்கே அப்படியே நகலெடுத்துவிடுங்கள். இப்போதுள்ள பெயர்களோடு எல்லாமே அதில் போய்விடும். கேசட்டுகள் இன்னொரு முறை ஓடுமோ ஓடாதோ, கையில் ஒரு முழு நகல் இருந்தால்தான் மற்றதை நிதானமாகச் செய்யலாம்.

யுஎஸ்பி டிஸ்க் ஏற்றுக்கொள்வதை நாஸ் ஏன் மறுக்கிறது? நாஸ் பெட்டிகள் பெரும்பாலும் உள்ளே லினக்ஸில் ஓடுபவை. அவற்றின் டிஸ்க் பெரும்பாலும் இஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் முறையில் இருக்கும். இரண்டிலும் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸிலும் எக்ஸ்ஃபேட்டிலும் அதே 255தான், ஆனால் அங்கே எண்ணப்படுவது பைட் இல்லை, யூனிகோட் குறியீடு, அதாவது எழுத்துக்கும் அதோடு சேரும் குறிக்கும் கணினி தனித்தனியே வைத்திருக்கும் எண். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு குறியீடு, ஒரு பைட். அதனால் ஆங்கிலப் பெயர்களில் இந்த வேறுபாடு வெளியே தெரிவதே இல்லை. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது. போதாததற்கு, நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவது பல நேரங்களில் இரண்டு குறியீடு. 'க' ஒன்று, 'கி' இரண்டு, 'க்' இரண்டு.

'திருவாரூர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு 5 எழுத்து. கணினிக்கு 10 குறியீடு. நாஸில் 30 பைட். அதே ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 10 எழுத்து, 10 பைட்டோடு முடிந்துவிடும்.

இப்போது நீங்கள் வைத்திருக்கக்கூடிய ஒரு முழுப் பெயரைப் பார்ப்போம்: 'திருவாரூர் தியாகராசர் கோயில் பங்குனித் திருவிழா இரண்டாம் நாள் இரவு நாதசுரக் கச்சேரி ஒலிப்பதிவு முதல் பகுதி 1987'. தமிழ் எழுத்துகள் 54. குறியீடுகள் 94. இடைவெளி, ஆண்டு, கடைசியில் வரும் புள்ளி, எம்பி3 என்ற நீட்டிப்பு ஆகியவற்றுக்கு 21. ஆக, விண்டோஸ் கணக்கில் 115. அங்கே எல்லை 255 என்பதால் பாதிகூட ஆகவில்லை. நாஸ் கணக்கிலோ 94-ஐ 3-ஆல் பெருக்கி 21-ஐக் கூட்ட வேண்டும். 303 பைட் வருகிறது, எல்லையைத் தாண்டி 48. உங்கள் 200 ஃபைல்களும் மாட்டிக்கொண்ட இடம் இதுதான்.

கைக்கணக்குக்கு, தமிழ் எழுத்து ஒன்றுக்குச் சுமார் 5 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 எழுத்துக்குள் பெயர் வைத்தால் எந்தப் பெட்டியிலும் கவலை இல்லை. ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. நாஸில் ஃபோல்டரைக் கடவுச்சொல் போட்டு என்கிரிப்ட் செய்திருந்தால் எல்லை இன்னும் இறங்கலாம். சினாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் என்கிரிப்ட் செய்த பகிர்வு ஃபோல்டருக்கு ஆங்கிலத்தில் 143 எழுத்துதான் அனுமதி. பெயரையும் சேர்த்துப் பூட்டும்போது அது நீண்டுவிடுவதால், அதற்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறார்கள். தமிழில் 143 பைட் என்றால் 47 குறியீடு, அதாவது 27 எழுத்து மாதிரி. உங்கள் பெட்டியில் இந்த வசதியைப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சரி, 1,400 பெயரில் எவை நீளம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டரைத் திறந்து, தேடல் பெட்டியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் உட்ஃபோல்டர்களில் உள்ளவையும் பட்டியலில் வந்துவிடும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் 'காப்பி ஆஸ் பாத்' என்று ஒன்று இருக்கும். அதைச் சொடுக்கி எக்ஸெலில் ஒட்டுங்கள். அந்த நெடுவரிசையை அப்படியே பக்கத்தில் இன்னொரு நகல் போட்டு, நகலில் மட்டும் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' திறந்து, நட்சத்திரக் குறியும் பின்சாய்கோடும் சேர்த்துத் தேடச்சொல்லி, மாற்றாக ஒன்றும் தராமல் விட்டால் ஃபோல்டர் பாதையெல்லாம் உதிர்ந்து வெறும் பெயர் நிற்கும். அப்புறம் 'லென்' சார்பு. அது குறியீடுகளைத்தான் எண்ணும், 'திருவாரூர்' என்றால் 10 என்று காட்டும். பெயரின் கடைசியில் ஒரு மேற்கோள்குறி ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு 1 கழித்துக்கொள்ளுங்கள். 85 வரை உள்ள பெயர் என்கிரிப்ட் செய்யாத நாஸில் எப்படியும் நுழைந்துவிடும், ஏனென்றால் 85-ஐ 3-ஆல் பெருக்கினால் சரியாக 255. அதற்கு மேல் வருபவைதான் சந்தேகத்துக்குரியவை.

இந்த எக்ஸெல் தாளை அழித்துவிடாதீர்கள். உங்கள் தொகுப்பின் பட்டியலே இனி அதுதான். முதல் நெடுவரிசையில் பழைய பெயர் முழுதாக இருக்கிறது, காலியான இன்னொன்றில் புதிய பெயரை எழுதுங்கள். விழா, கோயில், எந்த நாள், இரவா பகலா, வாசித்தவர் யார், தவில் யார், கேசட்டின் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நெடுவரிசை போடலாம். இதுவரை இவ்வளவு விவரத்தையும் ஃபைலின் பெயர் ஒன்றே தாங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு பெரிய பெயரிலும் தவில்காரர் பெயருக்கு இடமிருந்திருக்காது, தாளில் இருக்கும்.

மேலே பார்த்த பெயரை நான் இப்படிச் சுருக்குவேன்: '1987 திருவாரூர் பங்குனி நாதசுரம் நாள்2 பகுதி1'. நீட்டிப்பையும் சேர்த்து 117 பைட். என்கிரிப்ட் செய்த ஃபோல்டரிலும் இடம் கிடைக்கும். ஆண்டு முன்னால் வருவதால் வரிசையும் தானாக அமைந்துவிடும். ஃபைல்கள் எம்பி3 என்றால் உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஃபைலுக்குள்ளேயே ஐடி3 என்ற குறிப்புப் பகுதி உண்டு. தலைப்பு, கலைஞர், கருத்து என்று அதில் நீளமாகவே எழுதலாம். எம்பி3டேக் என்ற மென்பொருள் இதற்குப் போதும். ஃபைல் எந்தக் கணினிக்குப் போனாலும் அந்தக் குறிப்பும் கூடவே போகும். மொத்தமாகப் பெயர் மாற்ற மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பில் பவர்ரீனேம் இருக்கிறது. மாற்றுவதற்கு முன்பே முடிவைக் காட்டிவிடும்.

பெயரைத் தொடவே மனமில்லை என்றாலும் வழி உண்டு. ஆண்டுவாரியாக 7-ஜிப் என்ற மென்பொருளால் ஒரே பொதியாகக் கட்டி, '1987' என்பது போலச் சின்னப் பெயரில் நாஸில் போடலாம். நீளமான பெயர்கள் பொதிக்குள் இருப்பதால் நாஸ் அவற்றைப் பார்ப்பதில்லை. ஆனால் பொதியை நாஸிலேயே பிரித்தால் அதே பிழை வரும், விண்டோஸில்தான் பிரிக்க வேண்டும். ஒரே ஒரு பாட்டைக் கேட்க நினைத்தாலும் பொதியைத் திறந்தாக வேண்டும் என்பதால், கேட்டுக்கொண்டே இருக்க விரும்பும் தொகுப்புக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னோர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன், பெயர்களைச் சுருக்கிய பிறகும் சிலருக்கு இது வரும். விண்டோஸில் தனிப் பெயருக்கு மட்டுமில்லாமல் முழுப் பாதைக்கும் ஓர் அளவு உண்டு, 260. டிரைவ் எழுத்து, ஃபோல்டர்கள், பெயர் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. முடிவுக்குறிக்கு ஒன்று போக, நமக்கு மிஞ்சுவது 259. 'பேக்கப்', அதற்குள் '2025', அதற்குள் 'பழைய கணினி' என்று அடுக்கிக்கொண்டே போனால், மூலத்தில் நன்றாக இருந்த ஃபைல் சேருமிடத்தில் எல்லையைத் தாண்டிவிடும். விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து இந்த எல்லையைத் தளர்த்தும் அமைப்பு இருக்கிறது. ஆனால் அதற்கேற்ப எழுதப்பட்ட செயலிகளுக்கு மட்டும்தான் அது பயன்படும், எக்ஸ்ப்ளோரர் அப்போதும் தடுமாறும். அதனால் சேருமிடத்தில் ஒன்றிரண்டு ஃபோல்டர் ஆழத்துக்கு மேல் போகாதீர்கள்.

நகலெடுக்கும்போது வரும் 'ஸ்கிப்' பொத்தானைப் பற்றி எனக்குக் கசப்பான அனுபவம் உண்டு. ஒருமுறை உறவினர் ஒருவரின் டிஸ்க்கை நகலெடுத்தபோது, எல்லாவற்றுக்கும் இதையே செய் என்று டிக் போட்டுவிட்டு எழுந்துபோய்விட்டேன். எவை விடுபட்டன என்ற பட்டியல் எங்கும் பதிவாகவில்லை. டிஸ்க்கை அழித்துக் கொடுத்து மாதக்கணக்கில் ஆன பிறகுதான், அவர் பாட்டியின் குரல் இருந்த ஃபோல்டர் பாதிதான் வந்திருக்கிறது என்று தெரிந்தது.

அன்றிலிருந்து நான் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளைதான் பயன்படுத்துகிறேன். விண்டோஸுடனேயே வருவது, நீளமான பாதைகளையும் சமாளிப்பது, தவறியவை எத்தனை என்று கடைசியில் அட்டவணை போட்டுக் காட்டுவது. இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒரு ஃபைல் போகவில்லை என்றால் 30 வினாடிக்கு ஒருமுறை 10 லட்சம் தடவை முயலும்படி அது அமைந்திருக்கிறது. முயற்சியையும் காத்திருப்பையும் 1 என்று குறைத்துவிடுங்கள். தமிழ்ப் பெயர்கள் பதிவில் சரியாகத் தெரிய 'யூனிலாக்' என்ற தேர்வைக் கொடுங்கள். 'மிர்' தேர்வை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். மூலத்தில் இல்லாததை அது சேருமிடத்திலிருந்து நீக்கிவிடும். பெயர் மாற்றிய பிறகு முதலில் எடுத்த யுஎஸ்பி நகலின் மேல் அதை ஓட்டினால், பழைய பெயரில் இருந்தவையெல்லாம் போய்விடும்.

முடிந்ததும் நாஸிலிருந்து ஐந்தாறு ஃபைலை வேறொரு கணினிக்கு இறக்கிப் போட்டுக் கேளுங்கள். முன்பு மறுக்கப்பட்ட 200-இலிருந்தே அவற்றை எடுங்கள்.